நேர்விளிம்பு மடக்குக்கத்தி: எதைப் பார்த்துத் தேர்வது?

1956-ல் ஜப்பானின் ஒசாகாவில் அச்சுத்தொழிலில் இருந்த யோஷியோ ஒகடாவுக்குக் காகிதம் வெட்டுவது அன்றாட வேலை. சவர பிளேடின் மூலைகள் சீக்கிரமே மழுங்கிவிடும், மீதிப் பிளேடு குப்பைக்குப் போகும். உடைந்த கண்ணாடிச் சில்லின் கூர்மையும், கோடு கிழித்த இடத்தில் ஒடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியும் அவருக்கு வழிகாட்டின. மழுங்கிய நுனியை ஒடித்துப் போட்டால் அடுத்த துண்டு புதுக் கூரோடு முன்னே வரும். ஸ்டேஷனரிக் கடைகளில் தொங்கும் ஒடிக்கும் கட்டர் அப்படிப் பிறந்தது. அவருடைய ஓல்ஃபா நிறுவனமும் அதை வைத்தே வளர்ந்தது.

அந்தக் கட்டரின் விளிம்பு துளியும் வளையாத நேர்கோடு. தச்சரின் உளியும் சவரக் கத்தியும் அப்படித்தான். பார்சல் பிரிப்பது, டேப் வெட்டுவது, வயர் உறையை உரிப்பது, அட்டையைக் கோடு போட்டு அறுப்பது என்று நகரத்து மனிதர் கத்தியை எடுக்கும் வேலைகளில் பெரும்பாலானவை நேர்கோட்டு விளிம்பு கேட்பவையே. ஆனால் சந்தையில் கிடைக்கும் மடக்குக்கத்திகளைப் பார்த்தால், முனையை நோக்கி வயிறு தள்ளி வளைந்த விளிம்புகளே அதிகம்.

அதற்குக் காரணம் வேட்டை மரபு. இன்றைய மடக்குக்கத்திச் சந்தையை வடிவமைத்ததில் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1964-ல் வந்த பக் 110 மடக்குக்கத்தி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விலங்கின் தோலைச் சதையிலிருந்து பிரித்தெடுக்க வளைந்த விளிம்பு வேண்டும், அந்தக் கத்திக்கு அது இருந்தது. வேட்டைக்குப் போகாதவர்களும் அந்த வடிவத்தையே பழகிக்கொண்டார்கள். கத்தி வாங்கப் போகிறவர் எஃகின் பெயரையும் பூட்டின் வகையையும் விசாரிப்பதற்கு முன்னால், தன் வேலைக்கு வளைந்த விளிம்பு தேவைதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

வடிவங்களின் குடும்பம்

ரம்பப்பல் இல்லாத விளிம்புகள் எல்லாமே இங்கே பேசப்படும் நேர்விளிம்பு ஆகிவிடாது. அடியிலிருந்து முனை வரை ஒரே கோடாக ஓடி, முதுகுப் பக்கம் இறங்கி வந்து அந்தக் கோட்டைத் தொடும் அலகுதான் இக்கட்டுரையின் பொருள். முனை எப்போதும் கோட்டின் கடைசிப் புள்ளியில் இருக்கும். முதுகு எங்கே, எவ்வளவு சரிவாக இறங்குகிறது என்பதை வைத்து வகைகள் பிரிகின்றன.

முதுகு கடைசி வரை விளிம்புக்கு இணையாகவே வந்து, முனையருகே சட்டென்று வளைந்து இறங்கினால் அது ஷீப்ஸ்ஃபுட். அதன் முனை குத்தாது. ஆடும் கப்பலில் கயிறு அறுக்கும் மாலுமிகள் இந்த வடிவத்தை விரும்பியது அதனால்தான். கால் தடுமாறினாலும் கத்தி தன்மீதோ பக்கத்தில் நிற்பவர்மீதோ பாய்ந்துவிடாது. கயிற்றின் மேல் விளிம்பை வைத்து முதுகில் சுத்தியலால் ஓங்கித் தட்டவும் வசதி. விபத்தில் சிக்கியவரின் சீட் பெல்ட்டை அறுக்கும் மீட்புக் கத்திகளும் இதே மொட்டை முனையைத்தான் கொண்டிருக்கின்றன.

முதுகு நீளவாக்கில் மெல்ல மெல்லச் சரிந்தால் லாம்ஸ்ஃபுட். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உழைப்பாளிகளின் சட்டைப்பையில் நெடுங்காலம் இருந்த வடிவம் அது. அதே ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் நிறுவனம் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்த வார்ன்கிளிஃப் வடிவம் லார்ட் வார்ன்கிளிஃப் பெயரைத் தாங்கியது. அதில் முதுகு முன்கூட்டியே சரியத் தொடங்கி, ஊசிபோன்ற நுண்முனையில் முடிகிறது. இறகுப் பேனா சீவுவதற்கும் மரச் சிற்பத்துக்கும் இப்படிப்பட்ட முனை கைகொடுக்கும்.

கிழக்கில் இதன் உறவினர் ஜப்பானின் ஹிகோனோகாமி. ஹியோகோ மாகாணத்தின் மிகி நகரத்தில் 1890-களில் உருவான எளிய கத்தி இது. மடித்த உலோகத் தகடுதான் கைப்பிடி. பூட்டும் கிடையாது, சுருள்வில்லும் கிடையாது. அலகின் அடியில் வால்போல நீட்டிக்கொண்டிருக்கும் நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வெட்ட வேண்டும். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இதில்தான் பென்சில் சீவினார்கள். 1960-க்குப் பிறகு பிள்ளைகளிடம் கத்தி இருக்கக் கூடாது என்ற இயக்கம் எழுந்ததும் இதன் சந்தை சரிந்தது. இன்று நாகாவோ கனேகோமா பட்டறை மட்டும் அந்தப் பெயரில் தொடர்ந்து செய்கிறது.

நவீன மடக்குக்கத்தியின் தோற்றத்தை மாற்றிய ஆண்டு 1981. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஸ்பைடர்கோ நிறுவனம், அலகில் வட்டத் துளையும் கைப்பிடியில் கிளிப்பும் வைத்த மடக்குக்கத்தியை அந்த ஆண்டு வெளியிட்டது. பையின் அடியில் கிடந்த கத்தி பையின் வாயோரத்துக்கு வந்தது, ஒரே கையால் திறக்கவும் முடிந்தது. அதன்பின் பழைய ஷெஃபீல்டு வடிவங்கள் புது உடம்போடு திரும்பின. ஸ்பைடர்கோவின் டெலிகாவுக்கு வார்ன்கிளிஃப் அலகுப் பதிப்பு உண்டு. மைக்கேல் ஜானிச் வடிவமைத்த யோஜிம்போ முழுக்க நேர்விளிம்பை நம்பிய கத்தி. பெஞ்ச்மேட் நிறுவனத்தின் மினி கிரிப்டிலியனில் ஷீப்ஸ்ஃபுட் வகை இருக்கிறது. சீனாவின் யாங்ஜியாங் நகரத் தொழிற்சாலைகள் எளிய விலையில் பல நேர்விளிம்புக் கத்திகளைத் தருகின்றன.

நேர்கோடு என்ன செய்கிறது?

அட்டைப்பெட்டியின் மூடியில் கத்தியை இறக்கித் தன்பக்கம் இழுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வளைந்த விளிம்பில் முனையை நெருங்க நெருங்கக் கோடு மேலே ஏறிப் போகிறது. அட்டைக்கும் விளிம்புக்கும் இடையிலான கோணம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. கை கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதி அட்டையை முனைப்பக்கம் வழுக்கித் தள்ளுவதில் செலவாகிறது. நேர்விளிம்பில் அடி முதல் முனை வரை கோணம் மாறுவதில்லை. கடைசி மில்லிமீட்டரும் அடியைப் போலவே வெட்டும். யோஜிம்போவுக்கு ஜானிச் இந்த வடிவத்தைத் தேர்ந்ததற்குக் காரணமும், முனை வரை குறையாத வெட்டுவிசைதான்.

அடுத்த நன்மை முனையின் இருப்பிடம். அளவுகோலை வைத்துத் தாளை அறுக்கும்போது வேலை செய்வது முனை மட்டுமே. வளைந்த அலகில் முனையைத் தாளில் ஊன்றக் கைப்பிடியை உயரத் தூக்க வேண்டும், கை சீக்கிரம் நடுங்கும். நேர்விளிம்பில் முனை கீழேயே இருப்பதால் கைப்பிடி தாழ்ந்தே இருக்கலாம், ஆள்காட்டி விரலை முதுகில் வைத்துக்கொள்ளலாம், கோடு விலகாது.

ஒட்டுச்செடி கட்டுபவர்களுக்கு இந்த நேர்கோடு பயிரின் உயிர் சம்பந்தப்பட்டது. மா ஒட்டில் வேர்ச்செடியின் வெட்டுமுகமும் ஒட்டுக்குச்சியின் வெட்டுமுகமும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு ஒன்றோடொன்று இணையும். வளைந்த விளிம்பால் சீவினால் முகம் குழிந்துவிடும், நடுவே காற்று தங்கும், ஒட்டு காய்ந்துபோகும். அதனால்தான் ஒட்டுக் கட்டும் மடக்குக்கத்திகள் நேர்விளிம்போடு, ஒரு பக்கம் மட்டும் சரிவு தீட்டப்பட்டு வருகின்றன. ஜெர்மனியின் டினா, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் இரண்டுமே இவ்வகைக் கத்திகளைச் செய்கின்றன. ஒருபக்கச் சரிவு என்பதால் வலக்கைக்காரருக்கு வேறு, இடக்கைக்காரருக்கு வேறு. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ரொட்டியில் வெண்ணெய் தடவவும், தோலுரிக்கவும், பலகையில் கத்தியை முன்பின்னாக அசைத்துக் கொத்தமல்லி நறுக்கவும் நேர்விளிம்பு உதவாது. மடக்குக்கத்தியின் கைப்பிடி விளிம்புக் கோட்டிலேயே கீழிறங்கி இருப்பதால் பலகையில் நறுக்கும்போது விரல்முட்டிகள் இடிக்கும். வார்ன்கிளிஃபின் நுண்முனை பெட்டியைத் தாண்டி உள்ளே இருக்கும் துணியையும் கிழித்துவிடும். அதையே நெம்புகோலாக்கி டின் மூடியைத் தூக்கினால் முனை ஒடியும். பருத்த கயிறும் சீட் பெல்ட்டும் நாள் முழுக்க அறுப்பவருக்கு ரம்பப்பல் விளிம்பே தோது. சமையலுக்கும் சுற்றுலாவுக்கும் சேர்த்து ஒரே கத்தி என்றால் ஒப்பினல் போன்ற மெல்லிய வளைவுள்ள கத்தி பொருத்தமாக இருக்கும்.

தடிமன்தான் முதல் கணக்கு

கடைக்காரர் அலகின் தடிமனைப் பலமாகச் சொல்வார். வெட்டுவதற்குத் தடிமன் தடை. 4 மி.மீ. முதுகுள்ள அலகு அட்டைக்குள் ஆப்புபோல நுழைந்து இறுகிக்கொள்ளும். சட்டைப்பைக் கத்திக்கு முதுகில் 2 முதல் 3 மி.மீ. தாராளம். அதைவிட முக்கியம், கூர் தொடங்குவதற்குச் சற்று மேலே இருக்கும் தடிமன். அது அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் கத்தி இழுத்த இழுப்புக்கு ஓடும். முதுகிலிருந்து விளிம்பு வரை தட்டையாகச் சீவப்பட்ட அலகுகளில் இது எளிதாகக் கிடைக்கிறது. பாதி உயரத்தில் மட்டும் சீவிவிட்ட குறுகிய அலகுகளில் கிடைப்பது அரிது.

கூர் வைக்கும் கோணமும் இதே கணக்கில் சேரும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை என்பது பொதுவான அளவு. ஷெஃபீல்டில் உள்ள காட்ரா என்ற ஆய்வு நிறுவனம் கத்திக்கூரைச் சோதிக்க இயந்திரம் வைத்திருக்கிறது. சிலிக்கா கலந்த அட்டையைக் கத்தி திரும்பத் திரும்ப வெட்ட, மொத்தம் எவ்வளவு அட்டை அறுந்தது என்று அது அளந்து சொல்லும். ஐ.எஸ்.ஓ. 8442-5 என்ற தரநிலை அந்த முறையை வைத்தே எழுதப்பட்டது. அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் பல்வேறு எஃகுகளை இம்முறையில் சோதித்து வெளியிட்ட முடிவுகளில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. எஃகை மாற்றுவதைப் போலவே கோணத்தைக் குறைப்பதும் வெட்டும் திறனைப் பெரிதாகக் கூட்டுகிறது. கோணத்தைக் குறைக்கப் புதுக் கத்தி வாங்க வேண்டியதில்லை, ஒரு தீட்டுக்கல் போதும்.

எஃகின் பெயர்கள்

எஃகு விஷயத்தில் மூன்று குணங்கள் ஒன்றோடொன்று இழுபறி செய்கின்றன: கூர் நிற்பது, முறியாமல் தாங்குவது, துருப்பிடிக்காமல் இருப்பது. ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் இன்னொன்று குறையும்.

விக்டோரினாக்ஸ் தன் எஃகை 56 ராக்வெல் கடினத்தன்மையில் மென்மையாகவே வைக்கிறது. கூர் சீக்கிரம் போகும், ஆனால் எந்தக் கல்லிலும் சில நிமிடத்தில் திரும்ப வரும். ஸ்வீடனின் 14சி28என் சுமார் 0.6 சதவீதக் கரிமமும் 14 சதவீதக் குரோமியமும் கொஞ்சம் நைட்ரஜனும் கொண்டது. மெல்லிய கூரையும் தாங்கும், துருவையும் தாங்கும், விலையும் கட்டுபடியாகும். நேர்விளிம்புக்கு இது மிகப் பொருத்தமான எஃகு. ஜப்பானின் டகெஃபு நிறுவனத்தின் விஜி-10 அதற்கு அடுத்த படி. கோபால்ட் கலந்த அந்த எஃகில் கரிமம் 1 சதவீதம்.

டி2 எஃகில் குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும் அதில் கணிசமான பங்கு கரிமத்தோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுண்டுவிடுகிறது. கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் கடற்காற்றும் வியர்வையும் பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர் டி2 வாங்கினால் துடைத்து எண்ணெய் பூசும் பழக்கத்தையும் சேர்த்து வாங்குகிறார் என்று பொருள். தாமஸே வடிவமைத்து 2021-ல் சந்தைக்கு வந்த மேக்னாகட்டில் குரோமியம் 11 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பெரிய குரோமியக் கார்பைடுகள் உருவாகாதபடி கலவை அமைந்திருப்பதால் அந்தக் குரோமியம் துருவைத் தடுக்கும் வேலைக்கே நிற்கிறது. எஃகுத் துறையில் அண்மைக்கால முன்னேற்றங்களில் பாராட்டத்தக்கது இது. விலையும் அதற்கேற்றபடி ஏறும்.

வாரத்துக்கு நாலு பார்சல் பிரிப்பவருக்கு இந்த வேறுபாடுகள் கையில் தெரியப்போவதில்லை. மெலிதாகச் சீவிய எளிய எஃகு, தடியாக விட்ட உயர்ந்த எஃகைவிட அவருக்கு நன்றாக வெட்டும்.

பூட்டும் பிடியும்

நேர்விளிம்புக் கத்தியின் வேலைகளில் பெரும்பாலானவை விளிம்பைக் கீழ்நோக்கி அழுத்தி இழுப்பவை. அந்த அழுத்தம் அலகைத் திறந்த நிலையிலேயே தள்ளி வைக்கும். பூட்டே இல்லாத ஹிகோனோகாமி நூறாண்டுக்கு மேல் பயன்பட்டது இதனால்தான். குத்தும்போதும், ஆழச் சிக்கிய அலகைப் பிடுங்கும்போதும்தான் அலகு மடங்கி விரலை வெட்டும் ஆபத்து. அப்படிப்பட்ட வேலை இருப்பவருக்குப் பூட்டு அவசியம்.

ஒப்பினல் 1955-ல் கொண்டுவந்த சுழல் வளையம், பக் 110-ன் முதுகுப் பூட்டு, 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய லைனர் பூட்டு, கிறிஸ் ரீவ் செபென்ஸா கத்தியில் அறிமுகப்படுத்திய சட்டகப் பூட்டு, 1998-ல் பெஞ்ச்மேட் வெளியிட்ட குறுக்குத்தண்டு ஆக்சிஸ் பூட்டு என்று வரிசை நீளுகிறது. ஒழுங்காகச் செய்திருந்தால் எல்லாமே சட்டைப்பை வேலைக்குப் போதும். லைனர், சட்டகப் பூட்டுகளை மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கிறது. குறுக்குத்தண்டில் விரல்கள் விலகியே இருக்கும். இடக்கைக்காரருக்கும் அதுவே வசதி.

கைப்பிடியில் நான்கு விரலும் அடங்குகிறதா, கிளிப் உள்ளங்கையை உறுத்துகிறதா என்று இறுகப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த ஜி10 வியர்வையில் வழுக்காது. வழவழப்பான அலுமினியம் வழுக்கும். வார்ன்கிளிஃபில் முதுகு சரிந்து இறங்குவதால், விரல் ஊன்றும் இடத்தில் சிறு வெட்டுகள் இருப்பது நல்லது.

கல்லில் நேர்கோடு

தீட்டுவதில் நேர்விளிம்புக்கு நிகரில்லை. வளைந்த அலகைத் தீட்டும்போது முனை நெருங்கக் கைப்பிடியை அளவறிந்து உயர்த்த வேண்டும், அது பழக்கத்தால்தான் வரும். நேர்விளிம்பைக் கோணம் பார்த்துக் கல்லில் வைத்து அப்படியே இழுத்தால் போதும். 1000 கிரிட் கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் அடி முதல் முனை வரை பிசிர் விரலில் தட்டுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தட்டியதும் பக்கம் மாற்றலாம். இரு பக்கமும் முடிந்தபின் இலேசான கையில் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிரை நீக்கி, தோல் பட்டையில் இழுத்துவிட்டால் செய்தித்தாள் சத்தமின்றி அறுபடும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். இழுப்பின் கடைசியில் முனை கல்லைவிட்டு வழுகி இறங்கினால் நுனி உருண்டுபோகும். முனை கல்லின் மேல் இருக்கும்போதே இழுப்பை நிறுத்த வேண்டும். இன்னொன்று அடிப்பக்கம். கூர் தொடங்கும் இடத்தில் தீட்டுவதற்கென்று சிறு பள்ளம் விடப்பட்டிருந்தால் கல் அதுவரை முழுதாகப் படும். இல்லாவிட்டால் அங்கே தேயாத மேடு நின்று, அதை அடுத்த பகுதி நாளடைவில் குழியும். நேர்கோட்டில் அந்தக் குழிவு வெட்டும் பரப்பில் படாத இடைவெளியாகி, தாள் வெட்டும்போது ஒரு நூலிழை அறுபடாமல் நிற்கும். தள்ளுவண்டிச் சாணைச் சக்கரத்தில் கொடுத்தாலும் இதே கதிதான், கூடவே எஃகின் பதமும் போகும்.

சட்டம்

இந்தியாவின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை விலக்கு. சட்டைப்பைக் கத்தி அந்த அளவை எட்டுவதில்லை. ஆனாலும் மாநில அறிவிக்கைகளும் உள்ளூர்க் காவல்துறை உத்தரவுகளும் தனியாக இருக்கக்கூடும். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகளைத் தவிர்ப்பதே நல்லது. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை, சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வரம்பு இன்னும் இறுக்கம். பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது, விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத, பூட்டில்லாத மடக்குக்கத்தி மட்டுமே. ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை வெளியே எடுத்துச் செல்ல 2008 முதல் கட்டுப்பாடு உண்டு. ஜப்பானில் தக்க காரணமின்றி 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகை எடுத்துச் செல்வது பொதுவாகக் குற்றம்.

கடைசிச் சோதனை

வார்ன்கிளிஃப் என்றும் ஷீப்ஸ்ஃபுட் என்றும் பெயர் போட்டு வரும் கத்திகளில் பலவற்றின் விளிம்பு உண்மையில் சற்றே வளைந்திருக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. கத்தியின் விளிம்பைக் கடைக் கண்ணாடியின் மேல் மெதுவாக நிறுத்தி, பின்னால் வெளிச்சம் படும்படி பார்க்க வேண்டும். முனையடியில் ஒளிக்கீற்று தெரிந்தால் வளைவு, நடுவில் தெரிந்தால் குழிவு, எங்குமே தெரியாவிட்டால் நேர்கோடு. பிறகு கத்தியைத் திறந்து அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். மூடிய நிலையில் முனை கைப்பிடிக்குள் முழுதும் மறைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நேர்விளிம்பில் முனை தாழ்ந்திருப்பதால், சரியாக வடிவமைக்காத கத்திகளில் அது வெளியே எட்டிப் பார்த்துப் பையையும் விரலையும் கீறும்.

பார்சலும் அட்டையும் பிரிப்பவருக்கு, மின்பணியாளருக்கு, குழந்தைகள் நடமாடும் வீட்டில் வேலை செய்பவருக்கு மொட்டை முனையுள்ள ஷீப்ஸ்ஃபுட் பாதுகாப்பானது. மாதிரி வடிவம் செய்யும் மாணவருக்கும், தோல், மர நுண்வேலை செய்பவருக்கும் மெல்லிய முனையுள்ள வார்ன்கிளிஃப். ஒட்டுக்கட்டுபவருக்கு ஒருபக்கச் சரிவுள்ள தோட்டக்கத்தி. மூவருக்குமே 6 முதல் 7.5 செ.மீ. அலகு போதுமானது. உயர்ந்த எஃகுக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தில் நல்ல 1000 கிரிட் கல் ஒன்றும், அது தேயும்போது மேற்பரப்பைச் சமப்படுத்த ஒரு தட்டையான கல்லும் வாங்கி வைக்கலாம். குழிந்த கல்லில் நேர்விளிம்பு நேராக இருக்காது.